மூன்றாவது மீன்

"சட்டையக் குடு, பிரகாசி."

"தர மாட்டேன்."

"மாதா கோயில்ல சாமியார் காத்துக்கிட்டு—"

"நிக்கட்டும். வெறும் பெட்டிக்குள்ள வைக்க எம்புள்ள சட்டதான் கெடச்சுதா?"

"தேடுனது போதும்னு கப்பல்காரனே எழுதிட்டான், ஏளா. நடுக்கடல்ல விழுந்து பத்தொம்பது நாளு—"

"விழுந்தத எவன் பாத்தான்?"

"ஒடம்பு கெடைக்காட்டா சட்டைய வச்சுத்தான் அடக்கம். எங்கப்பாவுக்கும் அப்பிடித்தான பண்ணுனோம்."

"ஒங்கப்பா எழுவது வயசுல போனாவ. எம்புள்ளைக்கு இருவத்தாறு."

வெள்ளைச் சட்டை. தோளில் தங்கக் கோடு. அதை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். கசங்கிவிடக் கூடாதே என்பதுபோல மெதுவாக.

ஒன்பது மணி.

கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் விளக்கு தானாக எரிந்தது. மகன் வைத்துவிட்டுப் போன நேரம்.

இருவரும் தொட்டிப் பக்கம் திரும்பினார்கள்.

மணல் அசைந்தது. ஒரு தலை எட்டிப் பார்த்தது. விரல் நீள மீன், பச்சை உடம்பில் நீலப் புள்ளிகள். அதன் பின்னாலேயே மஞ்சள் மீன். இரண்டும் பவளத்தைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தன.

மூன்றாவது வரவில்லை.

ராஸ் மீன் என்பான் மகன் ரொமால்டு. இருட்டினால் மணலுக்குள் புதைந்து தூங்கும் சாதி.

"செவப்பி வரட்டும். பொறவு பேசுவோம்."

"அது செத்து—"

"ஒங்க வாயில வேற வார்த்தையே வராதா? பயந்துச்சுன்னா நாள் கணக்கா உள்ளயே கெடக்கும்னு ரொமால்டு சொல்லிருக்கான். போன வருசம் கெடக்கலியா? நான் அழுது தீத்தேன். பதினோராம் நாளு, இப்ப என்ன ஆயிப்போச்சுங்குற மாதிரி வந்து நின்னுச்சு. நீங்களுந்தான பாத்திய?"

அவரும் பார்த்திருந்தார்.

தெருவில் யாரோ வண்டியை நிறுத்தி ஒலி எழுப்பினார்கள். பெட்டி வந்துவிட்டது.

அவள் வாசல் பக்கம் திரும்பவில்லை.

"சரி. கையப் போட்டுத் தேடுங்க. செத்துக் கெடந்தா எடுத்து எங்கண்ணுல காட்டுங்க. சட்டையத் தாறேன். ஒரு வார்த்த பேச மாட்டேன்."

அவர் கை சட்டைப்பைக்குப் போனது.

பைக்குள் தீப்பெட்டி.

அன்று இரை போடத் தொட்டியின் மேல் இருந்த வலையைத் திறந்தவர் அவர்தான். போன் அடித்தது. மகனைப் பற்றிய போன். அதற்குப் பிறகு வலையை மூட யாருக்கு நினைவிருந்தது?

இந்த மீன்கள் துள்ளும். விரல் நுழையும் இடைவெளி போதும். "வலைய மூடுங்கப்பா, வலைய மூடுங்கப்பா." ஒவ்வொரு முறை பேசும்போதும் கப்பலிலிருந்து சொல்வான்.

மறுநாள் சுவரோரம் கிடந்தது. சிவப்பு போய், சுருண்டு, கருவாடாக.

அவள் எழுந்து வருமுன் எடுத்துவிட்டார். எறிய மனம் வரவில்லை. புதைக்கவும் வரவில்லை.

இப்போது தீப்பெட்டியைத் திறந்து காட்டினால் போதும்.

கட்டைவிரல் தீப்பெட்டியின் ஓரத்தில் நின்றது.

பிறகு கையை எடுத்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. பச்சையும் மஞ்சளும் மிரண்டு ஒரே பாய்ச்சலில் மணலுக்குள் மறைந்தன. அவற்றின் மேல் விரல் படாமல் மணலை அலசினார். ஒரு மூலை. அடுத்த மூலை. பாறைக்கு அடியில். இல்லாததை ஒழுங்காகத் தேடினார்.

தொட்டி கலங்கி, விளக்கு மங்கியது.

கையை வெளியே எடுத்து விரித்துக் காட்டினார். ஈர மணல். வேறொன்றும் இல்லை.

அவள் அந்தக் கையையே பார்த்தாள். விரல் இடுக்குகளையும் பார்த்தாள். பத்தொன்பது நாளில் முதல்முறையாக அவள் முகம் தெளிந்தது.

சட்டையை உதறி, நான்காக மடித்து, பீரோவுக்குள் வைத்துச் சாவியைத் திருகினாள்.

"ஒடம்பு இல்லல்லா? அப்போ எங்கயோ உசுரோட இருக்குன்னுதான அர்த்தம்?"