கட்டிங் டேபிள்

"அந்தப் புது கட்டிங் டேபிளை எனக்குக் கொடுங்க சார்."

தைத்துக்கொண்டிருந்த பன்னிரண்டு மிஷின்களும் ஒவ்வொன்றாக நின்றன. காஜா அடிக்கும் கனகா தலையில் கை வைத்துக்கொண்டாள். 'எதை வேணா கேளு, டேபிளை மட்டும் கேக்காதடி' என்று காலையிலிருந்து அவள் சொன்னதெல்லாம் வீண்.

முதலாளி ஆனந்தராஜ் சிரித்தார். விருத்தாசலம் கடைவீதியில் அவருக்கு ஜவுளிக் கடை. இந்தச் சீருடை யூனிட்டுக்கு வாரம் ஒருமுறைதான் வருவார்.

"ஏம்மா வேல்விழி, துணி விரிக்கத்தானே உன்னைச் சேர்த்தேன்?"

"அது எட்டு மாசத்துக்கு முன்னாடி சார்."

"பி.காம் முடிச்ச பொண்ணு, ஃபேனுக்குக் கீழ உக்காந்து பில்லு போடுறத விட்டுட்டு..."

"எங்க வூட்ல மொத டிகிரி என்னுது. அத வச்சு என்னா வேலை பாக்கணும்னு நான்தான் சார் முடிவு பண்ணணும்."

"செராமிக்ல மண்ணு மிதிக்கிறவரு பொண்ணுக்கு வாயப் பாரு!"

"மண்ணு மிதிக்கல சார். கப்பு தரம் பாக்குறாரு. மயிரிழை விரிசல் இருந்தாலும் ஒதுக்கிடுவாரு. அந்தக் கண்ணுதான் எனக்கும்." அவள் குரல் உயர்ந்தது. "தருவீங்களா, மாட்டீங்களா? பன்னண்டு மணிக்குள்ள நானும் வேப்பூர்ல ஒருத்தருக்குப் பதில் சொல்லணும்."

"இரு இரு. நாப்பது மடிப்புத் துணிய எதால வெட்டுவ?"

"கத்தரி நாலு மடிப்புக்கு மேல போனா அடித்துணி நழுவும். நாப்பதுக்கு எட்டு இஞ்சு பிளேடு மிஷினு."

"பிளேடு எப்ப மாத்துவ?"

"வெட்டுன ஓரத்துல பிசிறு தட்டுனா உடனே. மழுங்குன பிளேடுதான் கையைப் பதம் பாக்கும். மாத்துறதுக்கு முன்னாடி சுவிட்ச அணைச்சா மட்டும் பத்தாது, பிளக்கையே புடுங்கணும்."

"நல்லா ஒப்பிக்கிற." வெட்டி அடுக்கியிருந்த துண்டுகளில் ஒன்றை எடுத்துக் காட்டினார் ஆனந்தராஜ். "இந்தக் கழுத்து வளைவைப் பாரு. என் மச்சான் பிரேம்நாத் வெட்டுனது. ஒரு பீஸு திரும்பி வரல. தோ தொங்குதே ஸ்டீல் கிளவுஸு, அதுகூட நான் வாங்கித் தரல. அவனே வாங்கியாந்து மாட்டிட்டு வெட்டுறான். அதான் பொறுப்பு! புது டேபிளுக்குத் திருப்பூர்லேருந்து ஆம்பள ஆளு வரான். உனக்கு முடியாது. போய்த் துணிய விரி."

வேல்விழி செல்போனில் இரண்டே சொல் தட்டினாள். பையைத் தோளில் மாட்டினாள்.

"என்னா, கோவமா? பாத்துட்டாவது போ. மச்சான், ஒரு கழுத்து வெட்டிக் காட்டு!"

மூலையில் செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்த பிரேம்நாத் திடுக்கிட்டு எழுந்தான். தயங்கித் தயங்கி வந்து கட்டிங் மிஷினின் கைப்பிடியைத் தொட்டான்.

வேல்விழி பிளக்கைப் பிடுங்கினாள்.

"கிளவுஸு போடாம தொடாதீங்க."

"அப்படிச் சொல்லு! போட்டுக்க மச்சான்," என்றார் ஆனந்தராஜ் பெருமையோடு.

ஆணியில் தொங்கிய கையுறையை எடுத்து, துணியை அழுத்திப் பிடிக்கும் இடது கையை அதற்குள் நுழைத்தான் பிரேம்நாத். விரல்கள் பாதியிலேயே நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். கட்டைவிரல் மாட்டிக்கொண்டது.

"தொவச்சதுல சுருங்கிடுச்சு போல மாமா..."

"இரும்பு சுருங்குமாடா?"

கனகா களுக்கென்று சிரித்துவிட்டாள். அவளைத் தொடர்ந்து பன்னிரண்டு மிஷின்காரிகளும் சிரித்தார்கள்.

வேல்விழி அவன் கையிலிருந்து அதை உருவித் தன் இடது கையில் போட்டாள். மணிக்கட்டு வரை சரசரவென்று இறங்கி உட்கார்ந்தது. ஐந்து விரலையும் விரித்து முதலாளியிடம் காட்டினாள்.

"கழுத்து வளைவு நல்லா இருக்குதுன்னு சொன்னீங்களே, ரொம்ப தேங்க்ஸ் சார்."

ஆனந்தராஜின் பார்வை கையுறையிலிருந்து மச்சானுக்குப் போனது. அங்கிருந்து அடுக்கிய துண்டுகளுக்கு. "இரும்மா... டேபிளு உனக்குத்தாம்மா!" என்று அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தபோது, வேப்பூர் கம்பெனியின் புது கட்டிங் மாஸ்டர் கையுறையைக் கழற்றாமலே படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.