ஆனி கடைசி முகூர்த்தம்

தப்பு அல்தாஃப் மேல்தான். அதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. அவனே மண்டபத்து வாசலில் நின்று, அத்தனை பேர் எதிரில் ஒத்துக்கொண்டான்.

பின்னே? ஞாயிற்றுக்கிழமை பெண்ணுக்குக் கல்யாணம். ஆர்.கே.பேட்டை முழுக்கப் பத்திரிகை வைத்துவிட்டு, சமையல்காரரோடு அடுப்படியைப் பார்க்கத் திருத்தணிக்கு வந்த சின்னசாமியிடம், 'அன்னிக்கு உங்க பேர்ல மண்டபமே இல்லீங்களே' என்றால் அந்த மனுஷர் என்ன ஆவார்?

மண்டபத்து முதலாளி பிரகாஷ் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். சின்னசாமியின் பெயர் ஒரு வாரம் தள்ளி இருந்தது. அதாவது ஆடி மாசத்தில். ஆடியில் எவன் தாலி கட்டுவான்? சித்திரையிலேயே அவர் சொல்லிவைத்திருந்த ஞாயிற்றுக்கிழமையில் கல்குவாரிக்காரர் வீட்டுக் கல்யாணம் ஏறி உட்கார்ந்திருந்தது.

"நான் இன்னா பண்றதுங்க? மெக்கானிக் பாஷா பாய் மவன் போட்டுக் குடுத்த புரோகிராம் இது. அவனையே கேளுங்க" என்று பிரகாஷ் அங்கேயே போன் போட்டு அல்தாஃபை வரவழைத்தார்.

அல்தாஃப் வந்தான், திரையைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"அண்ணே, அன்னிக்கு சாயங்காலம் வேற பார்ட்டி எதுனா இருந்து, அவங்க ஒரு வாரம் தள்ளிப் போட்டாங்களா?"

பிரகாஷ் கொஞ்சம் யோசித்தார். "ஆங்... தள்ளித்தான் போட்டாங்க."

அவ்வளவுதான், அல்தாஃபுக்குப் புரிந்துவிட்டது. ஒரே நாளில் காலையில் ஒரு விசேஷம், சாயங்காலம் ஒரு விசேஷம் என்றால், புரோகிராமில் ஆளுக்கொரு தேதியைத் தனித்தனியாக உண்டாக்க வேண்டும். இவன் சோம்பல்பட்டு ஒரே தேதியை உண்டாக்கி, இரண்டு பேரையும் பிடித்துக்கொள்ள விட்டிருந்தான். இரண்டு குடித்தனத்துக்கு ஒரே தினசரி காலண்டர் மாதிரி. ஒரு வீட்டுக்காரர் தாளைக் கிழித்தால் அடுத்த வீட்டு நாளும் சேர்ந்து போகும். படிக்கும்போதே வாத்தியார் தலையில் குட்டிச் சொன்ன பாடம், மறந்து தொலைத்துவிட்டான்.

"என் தப்புதாங்க. ஒருத்தர் தேதியை மாத்தினா இன்னொருத்தர் தேதியும் கூடவே மாறிடற மாதிரி எழுதிட்டேன்."

சின்னசாமியோடு வந்தவர்களில் ஒருவர் அவன் சட்டையைப் பிடித்தார். கேட்கக்கூடாத வார்த்தையெல்லாம் வந்தது. பிரகாஷ் கைகட்டி நின்று, பையனுக்காகத் தானும் மன்னிப்புக் கேட்டார்.

சின்னசாமிதான் அவர்களை விலக்கிவிட்டார். "எங்க கெணத்து மோட்டாரைப் பார்க்கறது உங்கப்பாதான். மிஷின்னா ஒரு நாள் நிக்கத்தான் செய்யும். வேணும்னா பண்ண? வுடு நைனா" என்றார். குரல் உடைந்திருந்தது.

நாலு அறை விட்டிருந்தால்கூட அல்தாஃபுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அது ஆனியின் கடைசி முகூர்த்தம். ஊரில் ஒரு மண்டபமும் காலி இல்லை. ஆவணிக்குத் தள்ளலாமா என்று சின்னசாமி கேட்டதற்கு, நகரியிலிருந்த மாப்பிள்ளை வீட்டார், அப்படியானால் வேறு சம்பந்தம் பார்த்துக்கொள்கிறோம் என்றுவிட்டார்கள்.

தாலிகட்டு மலைமேல் முருகன் கோயிலில் நடந்தது, முன்னும் பின்னும் வேறு ஜோடிகள் நெருக்கித் தள்ள. சாப்பாடு கீழே ஒரு காலி மனையில் பந்தல் போட்டு. ஆனிக் காற்றில் போட்ட இலையெல்லாம் பறந்தது, சாம்பாரில் மண் விழுந்தது. மாப்பிள்ளையின் மாமா கை நனைக்காமலே கிளம்பிவிட்டார். மண்டபம் இல்லாமல் வந்தவள் என்று பெண் கனிமொழிக்கு, புகுந்த வீட்டுக்குள் கால் வைக்கும் முன்பே பெயர் விழுந்துவிட்டது. அவள் மணமேடையில் அழுத அழுகையைப் புகை என்று சொல்லிச் சமாளித்தார்கள்.

அல்தாஃப் காலையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் தூக்கினான். சாப்பிட மட்டும் உட்காரவில்லை. சின்னசாமியே வந்து அவன் கையைப் பிடித்து உட்கார வைத்து இலை போட்டார்.

வீட்டுக்குப் போனதும் அந்தப் புரோகிராமோடு உட்கார்ந்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தேதி உண்டாக்கினான். இதைத் தள்ளிப் பார்த்தான், அது நகரவில்லை. அதைத் தள்ளிப் பார்த்தான், இது நகரவில்லை. இனி எந்த அப்பனும் மண்டபத்து வாசலில் அப்படி நிற்கக் கூடாது என்று இருந்தது அவனுக்கு.

மறுநாள் மண்டபத்துக்குப் போனான். பிரகாஷ் தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தத் தப்பை எடுத்துட்டேன். இனிமே ஒண்ணு மாறினா இன்னொண்ணு மாறாது. அன்னிக்குத் தள்ளிப் போட்டாங்களே, அந்த சாயங்காலப் பார்ட்டி பேரைச் சொல்லுங்க. அதை வெச்சே ஒரு வாட்டி பார்த்துடலாம்."

"எந்தப் பார்ட்டி?"

"நீங்கதானே அண்ணே சொன்னீங்க?"

"நீ கேட்ட, நான் ஆங்ன்னேன்." பிரகாஷ் டம்ளரைக் கீழே வைத்தார். "குவாரிக்காரர் வந்து கேட்டா இல்லேன்னு சொல்ல முடியுமா? சின்னசாமி பேரை நவுத்தினது நான்தான்."

அல்தாஃபுக்குச் சின்னசாமி போட்ட இலைதான் கண்முன்னால் வந்தது.

பிரகாஷ் எழுந்து வந்து அவன் தோளில் கை போட்டார்.

"அந்தத் தப்பை எடுக்காத தம்பி, திரும்பப் போட்டுடு. ஆவணி முகூர்த்தத்துக்கு வேணும்."