ஞாயிற்றுக்கிழமை இறங்கியவர்

பத்திரிகையில் தினமும் நான்கு கட்டங்களில் படக்கதை வரைந்துவந்த செல்வநாயகம், சனிக்கிழமையன்று தன் கதைநாயகனான தபால்காரரை மேகத்திலிருந்து விழவிட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பத்திரிகை வராது. அன்று காலை ஒரு பெண் அவர் வீட்டைத் தேடி வந்தாள்.

"ஐயா, தபால்காரர் எங்கே விழுவார்? எங்க வீட்டுக்காரர் கேட்டுட்டே இருக்கார். நாளைவரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

அது செல்வநாயகத்துக்கே தெரியாது. கண்ணை மூடி, கொஞ்சநேரம் தபால்காரரோடு தானும் விழுந்தார். பிறகு ஒரு தாளில் வரைந்தார். ஆற்றுமணலில், பையைத் தலைக்கு வைத்து, தபால்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஈர மையை ஊதிக்கொண்டே ஓடினாள்.

சாயங்காலம் பத்திரிகை ஆசிரியர் திங்கட்கிழமைப் படத்தைக் கேட்டார்.

"தபால்காரர் இறங்கிட்டார் சார்."

"எங்கே?"

"அந்தப் படம் ஒருத்தர் வீட்டுக்குப் போயிடுச்சு."

மறுநாள் நான்கு கட்டங்களிலும் ஆளில்லாத ஆகாயம்தான் அச்சாகியிருந்தது.