பளிங்குத் தலையணை

2011இல் மெல்பர்ன் கலைக்கூடமொன்றில் எட்டு இத்தாலியச் சிற்பிகளின் கண்காட்சி நடந்தது. நான் அங்கே காவல் பணியில் இருந்தேன். எனக்குப் பிடித்தது மூன்றாம் அறையின் பளிங்குத் தலையணை. யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் நடுவில் ஒரு பள்ளம். உறையின் தையல்கூடக் கல்தான். பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை.

அதற்கு முன் மெல்பர்னின் புறநகரான டண்டினொங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் நான்கு வருடம் படுக்கை விரித்தவள் நான். ஆள் எழும்பியதும் தலையணையைத் தட்டிவிடுவது கைப்பழக்கம். கலைக்கூடத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கதவு திறக்குமுன், ஏதோ யோசனையில் நடந்துபோனவள் பளிங்குத் தலையணையையும் தட்டிவிட்டேன். பள்ளம் நிரம்பிவிட்டது.

மேற்பார்வையாளர் கல்யாணியைத் தேடிப் போனேன்.

"அக்கா, அந்தத் தலையணையில கை வச்சிட்டன். வேலை போகுமோ?"

கல்யாணி சென்னைக்காரர். சிற்பம் வந்திறங்கியபோது எடுத்த படத்தையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார்.

"படத்துல பள்ளம் இருக்கு, நிஹ்லா. இங்க இல்ல." படத்தைக் கீழே இறக்கி, "இப்பவும் எவ்ளோ அழகா இருக்கு பாரேன்" என்றார்.

அறிக்கையில் என்ன எழுதுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டோம்.

மறுநாள் காலை பள்ளம் திரும்பியிருந்தது, படத்தில் உள்ள அதே ஆழத்தில். அதற்குள் ஒரு நீளமான நரைமுடி கிடந்தது. பார்வையாளர் யாருடையதோ என்று நினைத்து, கையுறை போட்டுக்கொண்டு எடுக்கப் போனேன். வரவில்லை. குனிந்து பார்த்தேன். முடியும் பளிங்குதான், நுனிவரை மெலிந்து, அத்தனை நேர்த்தியாக.