பாட்டில்லாத இடம்

கல்மண்டபத்து டெண்ட் கொட்டகையில் முதல் ஆட்டம் ஓடுகிறது. கடற்காற்றில் திரை உப்பி உப்பி அடங்குகிறது. திரையில் கதாநாயகி இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு நிற்கிறாள். மறு கையில், கணவன் ரங்கூனில் இறந்துவிட்டான் என்கிற தந்தி. நாடகமாக இருந்தால் இந்நேரம் ஆர்மோனியம் எழும்பி அவள் புலம்பிப் பாடியிருப்பாள். இவளோ வாய் திறக்கவில்லை. வெளிச்சம் ஒரு கன்னத்தில் மட்டும் விழுகிறது. "டேய் மிஷினு, சவுண்டு பூட்ச்சி! பேசும் படம்னு சொல்லிகினு ஊமப் படமா காட்டுறே?" என்று மணல் தரையிலிருந்து மூட்டை தூக்கும் துரை கத்துகிறான். விசில் காதைப் பிளக்கிறது. இன்றும் கூச்சல் எழுந்தால் படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். படம் ஓட்டும் சௌக்கத் அலிக்கோ இந்தப் படத்தில் பிடித்ததே இந்தக் காட்சிதான். நிறுத்துவதா வேண்டாமா என்று அவர் கை விசைமேல் தயங்குகிறது. அதற்குள் தடுப்புத் துணிக்கு அப்பாலிருந்து, பெண்கள் பக்கத்துச் சொக்கம்மாள் சீறுகிறாள்: "யோவ், கூவாத! தண்ணி சொட்றது காதுல வுழல?" கொட்டகை காதைத் தீட்டுகிறது. திரையில் கதாநாயகியை அறியாமலே குடம் சாய்ந்துகொண்டிருக்கிறது. நீர் ஒவ்வொரு சொட்டாகத் தரையில் விழுகிறது. "ஆமாக்கா, கேக்குது," என்கிறான் துரை, மூச்சுக் குரலில். பீடிகள் விரலிடுக்கில் அணைந்துபோகின்றன. குடம் நழுவி உடையும்போதுதான் அவள் முதன்முறையாக அழுகிறாள். காட்சி மாறிய மறுகணம் துரை எழுந்து நின்று, "ஒன்ஸ்மோர்!" என்று கத்துகிறான். யாருமே பாடவில்லை என்பது நினைவில்லாமல் கொட்டகை முழுவதும் அதையே கேட்கிறது.