காய்ந்த தட்டு

'டக்.'

மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள் கிழிகிற சத்தம். அப்புறம் தண்ணீர், ஒரு மடக்கு. அப்புறம் ஒன்றுமில்லை.

அடுத்து தட்டுகளை அடுக்கும் சத்தம் வந்திருக்க வேண்டும். சமையலறையில் நின்றபடி தங்கை காது கொடுத்துப் பார்த்தாள். அவள் அக்கா வீட்டுக்கு வந்து நாலு நாளாகிறது. ஒரு நாளும் அந்தச் சத்தம் வரவில்லை.

எட்டிப் பார்த்தாள். மதிய வெயில் திரைச்சீலை வழியாகத் தண்ணீர்ப் பால் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. மேசையில் சாப்பிட்ட தட்டுகள் மூன்று. முட்டையின் மஞ்சள் கரு காய்ந்து பெயிண்ட் மாதிரி ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் அக்கா, வெளிச்சத்தில் மிதக்கும் தூசியைப் பார்த்தபடி. எதிரே மாமா, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி.

இந்த மனிதரா இப்படி?

தொழிற்சாலை கேன்டீனில் மேசை எடுப்பவர் அவர். ஒரு ஷிஃப்டுக்கு எண்ணூறு பேர். ஒரு மேசையைக் காலி செய்யப் பதினோரு விநாடி. அங்கே அவருக்குப் பேரே புயல். வீட்டிலும் அதே கைதான். போன தடவை வந்திருந்தபோது, கடைசி வாய் தங்கையின் தொண்டையில் இறங்குமுன் தட்டு குழாயடிக்குப் போய்விட்டது. உங்க வீட்ல நாக்கைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டுத்தான் சாப்பிடணும், இல்லேன்னா அதையும் கழுவிக் கவிழ்த்துடுவார் என்று அக்காவிடம் கேலி பண்ணியிருக்கிறாள்.

அப்பேர்ப்பட்ட ஆளுக்கு, பெண்டாட்டி துவண்டு கிடக்கும் நேரம் பார்த்துச் சோம்பல் வந்துவிட்டது.

அக்காவுக்கு ஒரு வருடமாகவே மனசு இருண்டு கிடந்தது. அழுகைகூட இல்லை. எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிற மாதிரி இருக்கு என்பாள். மாத்திரை தொடங்கி இருபது நாள். ஒரு மாற்றமும் இல்லை, நாளையோடு நிறுத்தப்போகிறேன் என்று காலையில் தங்கை கேட்டதற்குச் சொன்னாள். தங்கையும் மனசுக்குள் முடிவு செய்துவிட்டாள். சனிக்கிழமை ரயிலில் அக்காவைத் தன்னோடு கூட்டிப்போய்விடுவது.

மாத்திரை என்னதான் செய்யும் என்று முந்தாநாள் துருவித் துருவிக் கேட்டதற்கு, அக்கா தூக்கத்தில் பேசுகிறவள் மாதிரி சொன்னாள். டாக்டர் படம் போட்டுக் காட்டினாராம். மூளையில் இரண்டு நரம்பணு. நடுவில், ஒரு முடியை ஆயிரமாகப் பிளந்தாலும் நுழையாத இடைவெளி. இந்தப் பக்கத்து அணு செரடோனின் என்கிற பொருளை அங்கே கொண்டுவந்து வைக்கும், அந்தப் பக்கத்துக்குச் சேதி சொல்ல. ஆனால் வாசலிலேயே ஒரு ஆள் நிற்கிறான். வைத்ததை அள்ளி உள்ளே கொண்டுபோவதுதான் அவன் வேலை. மாத்திரை போய் அவன் கையைப் பிடித்துக்கொள்கிறது. வைத்தது இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கிறது.

"முதல்ல, இவ்வளவு கிடக்கேன்னு வைக்கிற பக்கமே கையை இழுத்துக்குமாம். அது பழகி, மறுபடி தாராளமா வைக்க வாரக்கணக்கு ஆகுமாம். அதுக்கு மேல என்னென்ன நடக்குதுன்னு அவங்களுக்கே முழுசாத் தெரியாதாம்."

அந்த ஆள் கெட்டவனும் இல்லையாம். வேலையில் கெட்டி, அவ்வளவுதானாம்.

மாமாவும் கூடப் போயிருந்தார். டாக்டரிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி. அந்த ஆள் எவ்வளவு வேகமா அள்ளுவான்? டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டதாம்.

தங்கை மேசைக்கு வந்து தட்டில் கை வைத்தாள்.

"வை மா. கிடக்கட்டும்" என்றார் மாமா.

"ஊருக்கெல்லாம் எடுக்கிறீங்க மாமா. கட்டினவ தட்டுன்னா கை வலிக்குதா?"

அவர் கை வெளியே வரவில்லை.

அக்கா தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ந்த மஞ்சளை விரலால் மெல்லத் தடவினாள்.

"கனவுல ஒரு வீடு வந்துச்சு" என்றாள். "சுவரெல்லாம் இந்த நிறம்."

தங்கை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாலு நாளில், யாரும் கேட்காமல் அக்கா வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது.

அந்த வீட்டுக்குக் கதவே இல்லையாம். திரைகள்தானாம், ஒவ்வொன்றாக விலகிக்கொண்டே போனதாம். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் நீளமான மௌனம். ஒவ்வொரு மௌனத்திலும் மாமாவின் தோள் எழுந்திருக்கப்போகிற மாதிரி துடித்தது. ஒவ்வொரு தடவையும் கையை இன்னும் அழுத்தி உட்கார்ந்துகொண்டார். உள்ளே போகப் பயமாக இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் வெயில் மேசையைத் தாண்டிவிட்டது.

அக்கா எழுந்தாள். "மாத்திரை நாலுதான் இருக்கு. நாளைக்கு வாங்கிட்டு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.

மாமா கைகளை வெளியே எடுத்தார். பிரம்பு நாற்காலியின் கட்டம் கட்டமான தடம், புறங்கை முழுக்கச் சிவந்திருந்தது.

அவரே சொன்னார்.

"பதினாறு வருஷமா, அவ ஏதாவது சொல்ல வாயெடுப்பா, நான் தட்டோட எழுந்து போயிருப்பேன். மாத்திரை உள்ளே நிக்கிற ஆளோட கையைத்தான் மா பிடிக்கும். வெளியே நிக்கிற ஆளோட கையை நான்தானே பிடிச்சுக்கணும்."

தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக, சத்தமில்லாமல் அடுக்கிக் குழாயடிக்கு எடுத்துப்போனார். காய்ந்த மஞ்சளை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார்.

தங்கை துணியை எடுத்து மேசையைத் துடைத்தாள், அவசரமில்லாமல்.