அண்ட் கம்பெனி

“கம்பெனின்னா என்ன அர்த்தம் தெரியுமோ?” என்று கேட்டுவிட்டுச் சந்திரமௌலி ஒரு சுற்றுப் பார்த்தார். தையல் மெஷின்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஆட்கள் எல்லாரும் வாசலில் தம் போட்டிருந்த பிரியாணி அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் விடுவாரா? “லத்தீன் பாஷையிலே ‘பானிஸ்’னா ரொட்டி. ‘காம்’னா கூட. ஒண்ணா உக்காந்து ஒரே ரொட்டியைப் பிட்டுத் திங்கறவாதான் கம்பெனி! விருந்தாளிக்கும் அதான் பேர், பட்டாளத்துல ஒண்ணா இருக்கறவாளுக்கும் அதான் பேர். லாபம், நஷ்டம், வியாபாரமெல்லாம் அப்புறம் வந்து ஒட்டிண்டது.”

கரீம் பாட்சாதான் முதலில் கைதட்டினார். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை அவருடையது. அன்றுதான் பெரிய இடத்துக்கு மாறி, ‘கரீம் பாட்சா அண்ட் கம்பெனி’ என்று போர்டு மாட்டியிருந்தார். பெயர் வைத்தவர் சந்திரமௌலி.

சந்திரமௌலிக்கு ஃபோர்ட் ஏரியாவில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமையானால் தன் மாதுங்கா வீட்டில் கரீமுக்கு இங்கிலீஷ் கடிதம் எழுதிக் கொடுப்பார். கரீம், அவர் மனைவி பாகீரதி மாமி கொடுக்கிற காபியைக் குடித்துவிட்டு, “ஒரு நாளாவது நீங்க என்கூட உக்காந்து சாப்பிடணும் ஸார்” என்பார். அதுக்கென்ன, அதுக்கென்ன என்று சொல்லியே பல வருஷம் ஓட்டியாகிவிட்டது.

இன்றைக்கு அந்தப் பாச்சா பலிக்கவில்லை. கரீம் கையைப் பிடித்து மரப்படி ஏற்றி மாடிக்கு அழைத்துப் போனார். விரித்த பாய்மேல் இரண்டு வாழையிலை. பக்கத்தில் மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரங்கள்.

“பிரியாணி ஆளுகளுக்கு ஸார். நமக்குச் சுத்த சைவம். இன்னைக்கு நானும் உங்ககூட இதான் சாப்பிடப்போறேன்” என்றார் கரீம். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். “ஒரு வாய் வச்சுப் பாருங்க, உங்களுக்கே தெரிஞ்சுபோவும்.”

சந்திரமௌலிக்கு அகோரப் பசி. அன்றைக்கென்று பார்த்து பாகீரதி பையில் டிபன் டப்பா வைக்க மறந்திருந்தாள். சனிக்கிழமை, அரைநாள் ஆபீஸ். காலி வயிற்றோடு நேரே இங்கே வந்திருந்தார்.

ஆனாலும் யார் சமைத்ததோ, எந்த அடுப்போ, எந்தக் கையோ? கீழே இப்போதுதானே அவ்வளவு பெரிய பிரசங்கம் பண்ணினோம் என்று நினைத்ததும் காதெல்லாம் சுட்டது. என்ன சுட்டு என்ன, கை இலைப் பக்கம் போகமாட்டேன் என்றது.

“அடடா கரீம் பாய், சொல்ல மறந்தே போயிட்டேன்! இன்னிக்கு ஏகாதசி. முழு உபவாசம்.”

மூடியைத் திறக்கப்போன கரீமின் கை அப்படியே நின்றது. “ஏகாதசியா?”

“ஆமா பாய். பச்சைத் தண்ணி பல்லுல படப்படாது.”

“மாமிக்குமா ஸார்?”

“பின்னே? ரெண்டு பேருக்கும்தான். எங்காத்துல இன்னிக்கு அடுப்பே மூட்டலை!”

கரீம் பாத்திரத்தைப் பார்த்தார். சந்திரமௌலியைப் பார்த்தார். மூடியைச் சத்தமில்லாமல் அழுத்தி வைத்தார்.

“சரி ஸார். விரதத்தை நான் கெடுக்கப்படாது” என்றார். இரண்டு இலைகளில் ஒன்றை மட்டும் மெதுவாக மடித்து ஓரமாக வைத்தார். வாசல்வரை வந்து டாக்ஸிகூடப் பிடித்துக் கொடுத்தார்.

டாக்ஸி கிங்ஸ் சர்க்கிள் தாண்டுவதற்குள் பசி கண்ணைக் கட்டியது. இறங்கி, முதலில் தென்பட்ட ஹோட்டலில் நுழைந்து மசால் தோசைக்குச் சொன்னார். எதிரே முன்பின் தெரியாத யாரோ ஒரு ஆள். அவர் சட்னிக் கிண்ணத்தை இவர் பக்கம் நகர்த்த, இவரும் தாராளமாகப் போட்டுக்கொண்டார்.

இரண்டு விள்ளல் உள்ளே போனபிறகுதான் உறைத்தது. உள்ளே தோசை வார்க்கிறவன் யார், எவர் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறாரா? இந்த ஆளோடு ஒரே மேஜையில் உட்கார முடிகிறது, இத்தனை வருஷம் பழகிய கரீமோடு முடியவில்லை. சீ, நானும் ஒரு மனுஷனா என்றிருந்தது. பாதித் தோசையை வைத்துவிட்டு எழுந்தார்.

வீடுவரைக்கும் தலையைக் குனிந்துகொண்டே நடந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரே ஒரு ஆறுதல், கரீம் நம்பிவிட்டார். பாவம், வெள்ளை மனசு. ஏகாதசி என்றதும் எதிர்ப்பேச்சு இல்லை. பொய்தான் என்றாலும் அவர் மனசு நோகாமல் தப்பித்து வந்தாயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரட்டும், வீட்டிலேயே உட்காரவைத்து ஒன்றாகச் சாப்பிட்டுவிட வேண்டியதுதான்.

காலிங்பெல்லை அழுத்துமுன்பே பாகீரதி கதவைத் திறந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“ஏன்னா, கரீம் பாய் கேட்டுண்டாரேன்னு நான் சமைச்சு அனுப்பினது, ரெண்டு பேருக்கும் போறித்தா?”